முதல் எழுபது நாள்

ஹட்டன், பொகவந்தலாவை, தலவாக்கலைப் பக்கத் தோட்டங்களில் பிள்ளை பிறந்த செய்தி தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வந்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி, "என்ன புள்ள?" இரண்டாவது, "எத்தனை கிலோ?" ஆம்பளப் புள்ள, ரெண்டு கிலோ நானூறு என்று பதில் வந்தால் யாரும் பெரிதாகக் கலங்குவதில்லை. "நம்ம வம்சமே சின்ன ஒடம்புதானே. ஒங்கப்பனும் பொறந்தப்ப இப்பிடித்தான் இருந்தான்" என்று அப்பாயி ஆறுதல் சொல்லிவிடுவார். ஆறுதலாக அது நல்ல வார்த்தை. அறிவியலாக எடுத்துக்கொண்டால் பாதிதான் சரி. சின்ன உடம்புக்காரத் தாய்க்குச் சின்னப் பிள்ளை பிறப்பது உண்மை. அது வம்சத்தின் விதி என்பது உண்மையில்லை.

இலங்கைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார ஆய்வைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம். தோட்டப்புறத்தில் 31.7. நுவரெலியா மாவட்டத்தில் 32.4. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பிள்ளை. 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் பிள்ளைகளும் தேசியச் சராசரியைவிடத் தோட்டப்புறத்தில் அதிகம். இந்த இலக்கங்களை வைத்துக்கொண்டு, மலையகத் தமிழரின் உடல்வாகே அப்படி என்று படித்தவர்களும் பேசுகிறார்கள். அது எனக்கு ஆறாத கோபம் தரும் பேச்சு.

இந்தப் பேச்சுக்கு 2006ஆம் ஆண்டிலேயே பதில் கிடைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1997க்கும் 2003க்கும் இடையில் ஆறு இடங்களில் சுமார் 8,500 பிள்ளைகளை அளந்து பார்த்தது: பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, இந்தியாவில் தெற்கு டெல்லி, நார்வேயின் ஒஸ்லோ, ஓமானின் மஸ்கட், அமெரிக்காவின் டேவிஸ். எந்தப் பிள்ளையையும் எடுத்து அளந்துவிடவில்லை. வறுமை வளர்ச்சியைத் தடுக்காத வீடு, தாய்ப்பால் கொடுக்கச் சம்மதித்த தாய், புகைக்காத தாய், நிறைமாதப் பிள்ளை என்று நிபந்தனை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிள்ளை எப்படி வளர்கிறது என்பதல்ல, நல்ல சூழ்நிலை கிடைத்தால் எப்படி வளரும் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. முடிவு இதுதான்: பிள்ளைகளின் நீளத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் ஏறத்தாழ 3 சதவீதம் மட்டுமே நாட்டுக்கு நாடு இருந்த வேறுபாடு. 70 சதவீதம், ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்த பிள்ளைகளுக்கிடையே இருந்தது. டெல்லிப் பிள்ளையும் ஒஸ்லோப் பிள்ளையும் முதல் ஐந்து வருடம் ஒரே கோட்டில்தான் ஏறினார்கள். இன்று நுவரெலியாவில் ஒரு தாயின் கையில் கொடுக்கப்படும் கிளினிக் கொப்பியில் இருக்கும் வரைபடம் அந்த ஆய்விலிருந்து வந்தது. ஆண் பிள்ளைக்கு ஒன்று, பெண் பிள்ளைக்கு ஒன்று என இரண்டு வரைபடங்கள் உண்டு. மலையகத்துக்கென்று தனி வரைபடம் கிடையாது, தேவையும் கிடையாது.

ஒரு நியாயமான மறுப்பையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆய்வு 1,500 மீற்றருக்குக் கீழேயுள்ள ஊர்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. ஹட்டன் 1,271 மீற்றர், தப்பித்துக்கொள்ளும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர். உயரம் கூடக் கூடக் காற்றில் பிராணவாயுவின் அழுத்தம் குறைகிறது, கருவின் வளர்ச்சியும் கொஞ்சம் குறைகிறது. அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் பிறந்த பிள்ளைகளைப் பற்றி 1997இல் வெளிவந்த ஆய்வு, ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் பிறப்பு எடை சுமார் 100 கிராம் குறைவதாகக் கண்டது. ஆகவே நுவரெலியாவில் மலையின் பங்கு என்று இருநூறு கிராமுக்குள் வரலாம். அதே மலையில் பங்களாவில் பிறக்கும் பிள்ளைக்கும் லயத்தில் பிறக்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை உயரத்தின் தலையில் போட முடியாது.

அப்படியானால் அந்த 2 கிலோ 400 எங்கிருந்து வந்தது? இங்கேதான் அப்பாயி சொன்ன பாதி உண்மை வருகிறது. கருவின் வளர்ச்சிக்கு இடம் கொடுப்பதும் உணவு கொடுப்பதும் தாயின் உடம்பு. அந்தத் தாய் தன் இரண்டு வயதுக்குள் குட்டையாகிப்போன பிள்ளையாக இருந்தால், அவளுடைய கருப்பையும் இடுப்பெலும்பும் அதற்கேற்ற அளவில்தான் வளர்ந்திருக்கும். கர்ப்பத்தின்போது இரத்தச்சோகை இருந்தால் நஞ்சுக்கொடி வழியாகப் போகும் பிராணவாயு குறையும். காற்றோட்டமில்லாத காம்பராவில் விறகடுப்பின் புகை, ஏழாம் எட்டாம் மாதம்வரை மலையில் ஏறி இறங்கும் வேலை, சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் வெறுந்தேத்தண்ணி எல்லாம் இதில் சேர்கின்றன. தேத்தண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. தேயிலையிலுள்ள பாலிபீனால்கள் கீரை, பருப்பு, தானியங்களிலுள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்கின்றன. சாப்பாட்டோடு குடித்தால் சேரவேண்டிய இரும்பில் பாதிக்குமேல் வீணாகலாம். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். நாட்டுக்கே தேயிலை பறித்துக் கொடுக்கும் பெண்ணுக்கு இதை யாராவது நேரம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆக, பாட்டியின் பசி மகளின் உடம்பிலும், மகளின் உடம்பு பேரனின் எடையிலும் தங்கிவிடுகிறது. பரம்பரையாக வருவது வறுமை, மரபணு அல்ல. மரபணுவாக இருந்தால் நாம் செய்ய ஒன்றுமில்லை. வறுமையாக இருப்பதால், பிறந்த நாளிலிருந்தே செய்ய நிறைய இருக்கிறது.

அந்த 2.4 கிலோப் பையனையே பின்தொடர்வோம். நிறைமாதத்தில், டிக்கோயா ஆதார வைத்தியசாலை போன்ற ஓரிடத்தில் பிறந்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது தோளில் பி.சி.ஜி. ஊசி போட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். மூன்றாம் நான்காம் நாளில் நிறுத்துப் பார்த்தால் 2 கிலோ 230 கிராம்தான் இருப்பான். வீடே பதறும். பதற வேண்டியதில்லை. பனிக்குடத்தில் மிதந்தபோது உடம்பில் சேர்ந்திருந்த மிகுதி நீர் சிறுநீராகப் போகிறது. கரும்பச்சையான முதல் மலம் போகிறது. பிறந்த எடையில் 7 சதவீதம்வரை குறைவது எல்லாப் பிள்ளைகளுக்கும் இயல்பு. 10 சதவீதத்தைத் தாண்டினால்தான் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பத்தாம் நாள் முதல் பதினான்காம் நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதன் பிறகுதான் உண்மையான ஏற்றம் தொடங்குகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடத்தில் நடுக்கோட்டிலுள்ள ஆண் பிள்ளை 3.3 கிலோவில் பிறந்து, நான்காம் வாரம் 4.4, இரண்டு மாதத்தில் 5.6 கிலோ என்று ஏறுகிறது. முதல் நான்கு வாரத்தில் ஒரு கிலோ கூடுகிறது. அடுத்த மாதத்தில் 1,200 கிராம் அளவுக்குக் கூடுகிறது. மனித வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக எடை கூடும் மாதம் வேறு கிடையாது. மூன்றாம் மாதமே அது 800 கிராமுக்கு இறங்கிவிடும். நம் பையன் பிறந்த எடைக்குத் திரும்பிய பின் நாளுக்கு 35 கிராம் கூடினால் முப்பதாம் நாளில் 3.1 கிலோ இருப்பான். இரண்டாம் மாதம் நாளுக்கு 40 கிராம் கூடினால் அறுபதாம் நாளில் 4.3 கிலோ. எடை குறைந்த பிள்ளைகளைப் பிரிக்கும் கோடு அந்த வயதில் ஆண் பிள்ளைக்கு ஓடுவது சரியாக அந்த 4.3இல்தான். பிறக்கும்போது கோட்டுக்குக் கீழே இருந்தவன் இரண்டே மாதத்தில் கோட்டைத் தொட்டுவிடுகிறான். தாய்ப்பாலை மட்டும் குடித்து இதைச் செய்ய முடியும்.

எப்படி? முதல் நாள் அவன் ஒரு தடவையில் குடிப்பது ஒரு தேக்கரண்டியளவு, ஐந்தாறு மில்லிலீற்றர்தான். அதற்கு ஏற்றபடி சீம்பாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. "பால் வரல" என்று சீனித்தண்ணி, கொத்தமல்லித் தண்ணி கொடுக்கப் போவது இந்த நாட்களில்தான். ஒவ்வொரு கரண்டித் தண்ணீரும் இரைப்பையில் ஒரு கரண்டிச் சீம்பாலின் இடத்தைப் பிடிக்கிறது. பால் சுரப்பின் கணக்கு எளிது: மார்பிலிருந்து எவ்வளவு எடுக்கப்படுகிறதோ அவ்வளவு மீண்டும் சுரக்கும். மார்பில் பால் தேங்கினால், சுரந்தது போதும் என்று உடம்பு எடுத்துக்கொண்டு சுரப்பைக் குறைத்துவிடும். அதனால்தான் இரவும் பகலுமாக எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை கொடுக்கச் சொல்கிறார்கள். முதல் மாத முடிவில் ஒரு தாய் நாளுக்கு முக்கால் லீற்றர் அளவு பால் கொடுக்கிறாள். ஒல்லியான தாயின் பாலும் பிள்ளைக்குப் போதும். குறைவது தாயின் உடம்புதான். பால் கொடுக்க நாளுக்கு 500 கலோரியளவு கூடுதலாகச் செலவாகிறது. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா பொட்டலம் இதற்காகத்தான். சோளமும் சோயாவும் கலந்த அந்த மா, வீட்டிலுள்ள எல்லோருக்கும் உருண்டையாகப் பங்கு போய்விட்டால் தாய்க்கு மிஞ்சுவது இல்லை. பங்கு போடுபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மற்றப் பிள்ளைகளுக்கும் பசி இருக்கிறது.

எடை கூடுவதில் குளிருக்கு ஒரு பங்கு உண்டு. தை, மாசியில் நுவரெலியாப் புல்வெளிகளில் உறைபனி விழுகிறது. பிறந்த பிள்ளைக்கு நம்மைப்போல நடுங்கி உடம்பைச் சூடாக்கத் தெரியாது. கழுத்தடியிலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு உண்டாக்கும். சிறிய பிள்ளைக்கு அந்தக் கொழுப்பும் குறைவு, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் அதிகம். சூடு சீக்கிரம் போய்விடும். குளிரில் கிடக்கும் பிள்ளை வளர்ச்சிக்குப் போகவேண்டிய பாலைச் சூட்டுக்காக எரித்துவிடுகிறது. தகரக் கூரையும் சிமெந்துத் தரையுமாக ஈரம் பூத்த காம்பராவில் கிடக்கும் பிள்ளைக்கு இது நாளுக்குச் சில கிராம் எடை இழப்பு.

இதற்கான மருந்து தாயின் நெஞ்சுதான். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில், எட்கார் ரே என்ற வைத்தியர் குறைமாதப் பிள்ளைகளைத் துணியில்லாமல் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டிவைக்கத் தொடங்கினார். ஏழை நாட்டின் மாற்று வழி என்று அப்போது நினைத்தார்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வு, 1.8 கிலோவுக்குக் குறைவான பிள்ளைகளுக்குப் பிறந்தவுடனே இதைத் தொடங்கினால் இறப்பு கால்பங்கு குறைவதைக் காட்டியது. தலைக்குத் தொப்பி, காலுக்குக் காலுறை, நடுவில் அரைக்கச்சை, மேலே தாயின் சேலை அல்லது போர்வை. அப்பாவின் நெஞ்சும் இதற்கு ஆகும். குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவது மட்டும் வேண்டாம். அந்தச் சின்ன நுரையீரலுக்கு அடுப்புப் புகையே அதிகம்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் பெண் பிள்ளைக்கும் பொருந்தும். இனிப் பையனுக்கென்று உள்ள கதை. இதைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்பட்டதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கருவில் இருக்கும்போது நஞ்சுக்கொடி சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், பிள்ளையின் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை அடக்கிவைத்திருக்கிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் அந்தத் தடை போய்விடுகிறது. முதல் வாரம் கழிந்ததும் பிட்யூட்டரி விழித்து விதைகளுக்குச் செய்தி அனுப்புகிறது. விதைகள் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கத் தொடங்குகின்றன. முதல் மாதத்துக்கும் மூன்றாம் மாதத்துக்கும் இடையில் அந்த அளவு உச்சத்துக்குப் போகிறது. வயதுக்கு வரும் பையன் ஒருவனின் இரத்தத்தில் இருக்கும் அளவோடு ஒப்பிடலாம். ஆறு மாதத்துக்குள் மறுபடி அடங்கி, பத்துப் பன்னிரண்டு வயதுவரை தூங்கிவிடுகிறது. 1970களின் தொடக்கத்தில் பிரான்சில் மகெலோன் ஃபொரெஸ்டின் குழு இதை முதலில் அளந்து காட்டியது. குட்டிப் பருவமடைதல் என்று சொல்லலாம்.

இது எதற்கு? விதைகளில் பிற்காலத்தில் விந்தணுக்களைத் தாங்கப்போகும் கலங்கள் இப்போதுதான் பெருகுகின்றன. ஆணுறுப்பு வளர்கிறது. கீழே இறங்காமல் நின்ற விதை இறங்குவதற்கும் இந்தச் சுரப்பு உதவுகிறது. நிறைமாதத்தில் பிறக்கும் நூறு ஆண் பிள்ளைகளில் இரண்டு முதல் நான்கு பேருக்கு ஒரு விதையாவது விதைப்பைக்குள் இருக்காது. அவர்களில் பலருக்கு மூன்று, நான்கு மாதத்துக்குள் தானாக இறங்கிவிடும். ஆறு மாதத்திலும் இறங்காவிட்டால் காத்திருக்கக்கூடாது. ஒரு வயதை ஒட்டிச் சத்திரசிகிச்சை செய்துவிட வேண்டும். பையன் பள்ளிக்கூடம் போகும் வயதில் கண்டுபிடிப்பது மிகத் தாமதம். கிளினிக்கில் துணியை அவிழ்த்து இதைப் பார்க்கச் சொல்லித் தாய் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வளர்ச்சி வேகத்திலும் இதற்குப் பங்கு உண்டு. பின்லாந்துக் குழு ஒன்று 2016இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மாதங்களில் ஆண் பிள்ளைகள் பெண் பிள்ளைகளைவிட வேகமாக நீள்வதும், அந்த வேகம் டெஸ்டோஸ்டிரோன் அளவோடு சேர்ந்து போவதும் தெரிந்தன. நடுக்கோட்டில் பிறந்த ஆண் பிள்ளை 49.9 சென்ரிமீற்றர், பெண் பிள்ளை 49.1. ஒரு மாதத்தில் 54.7, 53.7. வித்தியாசம் சிறிதுதான், ஆனால் கூடுகிறது.

"ஆம்பளப் புள்ளைக்குப் பசி ஜாஸ்தி, தாய்ப்பால் காணாது" என்ற பேச்சு இந்த வேகத்தைப் பார்த்து வந்ததாக இருக்கலாம். பசி கொஞ்சம் அதிகம் என்பது சரி. அவன் அடிக்கடி குடிப்பான். அடிக்கடி குடிப்பதாலேயே பால் கூடும். ஒரு மாதப் பையனுக்குப் பால்மாவும் இரண்டு மாதப் பையனுக்கு விசுக்கோத்துக் கரைசலும் போய்ச் சேருவது இந்த ஒரு நம்பிக்கையால்தான். உண்மையில் ஆண் பிள்ளைதான் வலுக்குறைந்தவன். கிட்டத்தட்ட எல்லா நாடுகளிலும் முதல் மாதத்தில் இறக்கும் பிள்ளைகளில் ஆண்கள் அதிகம். குறைமாதத்தில் பிறந்தால் அவனுடைய நுரையீரல் பெண் பிள்ளையின் நுரையீரலைவிடப் பிந்தியே முதிர்கிறது. தொற்றும் எளிதில் பிடிக்கிறது. வயிற்றுப்போக்கு வரக்கூடிய போத்தல் பாலை, ஓடைத் தண்ணீரில் கழுவிய போத்தலில், அவனுக்குக் கொடுப்பதைப்போல ஆபத்து வேறில்லை.

பையனின் உடம்பில் வீட்டார் கைவைக்கும் இடங்கள் சில உண்டு. பிறந்த சில நாளில் ஆண் பிள்ளைக்கும் மார்பு கட்டிபோல வீங்கும், துளிப் பாலும் கசியும். தாயிடமிருந்து வந்த சுரப்புகளின் வேலை அது. சில வாரத்தில் வற்றிவிடும். எண்ணெய் தேய்க்கும்போது அதைப் பிதுக்கி எடுக்கும் வழக்கத்தால் சீழ் கட்டிய பிள்ளைகள் உண்டு. தொடவே கூடாது. ஆணுறுப்பின் முன்தோலும் அப்படித்தான். பிறக்கும்போது அது உள்ளிருக்கும் பகுதியோடு ஒட்டியே இருக்கும். பின்னுக்குத் தள்ளிக் கழுவத் தேவையில்லை. வருடக்கணக்கில் தானாகப் பிரியும். கைகால், முதுகு என்று உடம்புக்கு எண்ணெய் தடவி மெல்ல உருவிவிடுவதில் தீங்கில்லை. எண்ணெயைக் காதிலும் மூக்கிலும் ஊற்றுவதும், தலையை அழுத்தி உருட்டி அழகு பண்ணுவதும், உரைமருந்து நாக்கில் தடவுவதும் கைவிடவேண்டியவை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஜி6பிடி என்ற நொதியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு; ஒன்று பழுதானாலும் மற்றது ஈடுசெய்யும். ஆணுக்கு ஒன்றுதான். மலேரியா நூற்றாண்டுகளாக இருந்த தெற்காசியாவில், இலங்கை உட்பட, இந்தக் குறைபாடு உள்ள ஆண் பிள்ளைகள் இருக்கிறார்கள். சாதாரணமாக ஒன்றும் தெரியாது. ஆனால் நப்தலீன் பூச்சி உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருந்த பழைய கம்பளிச் சட்டையையோ போர்வையையோ அப்படியே எடுத்துப் போர்த்தினால், அந்த ஆவியே சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சளை உண்டாக்கக்கூடும். குளிர் ஊரில் எல்லா வீட்டிலும் இப்படியொரு பெட்டி உண்டு. துவைத்து, வெயில் கிடைக்கும் நாளில் நன்றாகக் காயவைத்த துணியையே பிள்ளைக்குப் போட வேண்டும்; பிள்ளை இருக்கும் வீட்டில் பூச்சி உருண்டை இல்லாமலே இருப்பது இன்னும் நல்லது. இரண்டாம் மூன்றாம் நாள் லேசாக மஞ்சள் பூப்பது பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வரும். முதல் நாளிலேயே வந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால்வரை போனாலும், இரண்டு வாரத்துக்கு மேல் நின்றாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இந்த வாரங்களில் உடம்பைவிட வேகமாக ஓடுவது மூளை. 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காந்த அலைப் படங்களின் மூலம் 87 பிள்ளைகளின் மூளையை அளந்தார்கள். பிறந்ததும் நாளுக்கு ஒரு சதவீதம் வளர்கிறது. 90 நாளில் மொத்தம் 64 சதவீதம் பெருகிவிடுகிறது. பையன்களின் மூளை சற்று வேகமாகவே பெருகுகிறது. தலைச்சுற்றளவு நடுக்கோட்டுப் பையனுக்கு 34.5 சென்ரிமீற்றரிலிருந்து மூன்று மாதத்தில் 40.5 ஆகிறது. உச்சிக்குழி மூடாமல் துடித்துக்கொண்டிருப்பது இதற்கு இடம் விடத்தான்.

அந்த மூளை என்ன செய்துகொண்டிருக்கிறது? பிறந்த அன்றே தாயின் குரலை மற்றப் பெண்களின் குரலிலிருந்து பிரித்தறிகிறது; கருவின் கடைசி மாதங்களில் கேட்டுப் பழகிய குரல் அது. தாயின் பால் மணத்தை அறிகிறது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தூரம் 20, 30 சென்ரிமீற்றர்தான். மடியில் பால் குடிப்பவனுக்குத் தாயின் முகம் இருப்பதும் அந்தத் தூரத்தில்தான். திடுமெனச் சத்தம் கேட்டால் இரண்டு கைகளையும் விரித்து அணைக்கப் பார்க்கிறான். கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் வாயைத் திருப்புகிறான். விரலை வைத்தால் இறுகப் பற்றுகிறான். இவை பிறவியிலேயே வரும் அனிச்சைகள். ஆறாம் வாரத்தை ஒட்டி, முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிறான். அழுகை உச்சத்துக்குப் போவதும் அதே ஆறாம் வாரத்தில்தான். மாலையில் மணிக்கணக்காக அழும் பையனைப் பார்த்து, பால் காணவில்லை என்று போத்தலை எடுப்பது பெரும்பாலும் இந்த வாரத்தில் நடக்கிறது. நாளுக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போய், வரைபடத்தில் கோடு ஏறிக்கொண்டிருந்தால் பால் போதுகிறது என்று பொருள். அழுகை மூன்று மாதத்துக்குள் தானாகக் குறையும். முன்னதாகவே பிறந்த பிள்ளைக்கு இந்த வாரங்களையெல்லாம் பிறக்கவேண்டியிருந்த தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

வரைபடத்தைப் படிப்பது பற்றி. கிளினிக்கில் நிறுத்து ஒரு புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளி வரைபடத்தின் பச்சைப் பட்டையிலா, அதற்குக் கீழேயா என்றுதான் தாய் பார்ப்பாள். ஒரு புள்ளி அவன் எங்கிருக்கிறான் என்றுதான் சொல்லும். எங்கே போகிறான் என்பதை இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும் கோடு சொல்லும். பச்சையில் இருந்துகொண்டு கோடு படுத்துவிட்ட பையனைவிட, கீழே இருந்துகொண்டு கோடு எழுந்து போகும் நம் 2.4 கிலோப் பையன் நலமாக இருக்கிறான். சின்னப் பிள்ளை என்பதால் அவனைத் திணித்துத் திணித்து உருட்டவும் கூடாது. புனே கே.ஈ.எம். வைத்தியசாலையின் யாஜ்னிக் குழு 1990களில் பிறந்த கிராமத்துப் பிள்ளைகளை அளந்தபோது, சராசரி 2.7 கிலோதான் இருந்தார்கள். இங்கிலாந்துப் பிள்ளைகள் 3.5. ஆனால் குறைந்திருந்தது தசையும் உள்ளுறுப்புகளும். தோலுக்கடியிலுள்ள கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. இப்படிப்பட்ட உடம்பு பிற்காலத்தில் சீனி வருத்தத்துக்கு எளிதில் இடம் கொடுக்கிறது. பால்மாவால் மளமளவென்று ஏற்றும் எடையில் பெரும்பங்கு கொழுப்பாகப் போகிறது. தாய்ப்பாலில் ஏறும் கோட்டுக்கு அந்த ஆபத்து குறைவு. இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 சதவீதம் பேர் தாய்ப்பால் மட்டுமே குடிப்பதாக 2016 ஆய்வு சொன்னது. உலகில் மிகச் சில நாடுகளே இந்த அளவை எட்டியிருக்கின்றன. மழையிலும் பனியிலும் லயம் லயமாக ஏறிவரும் மிட்வைஃப் மிஸ்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை, பிறகு மூன்றாம் வாரத்துக்குள் ஒரு தடவை, நாற்பத்திரண்டாம் நாளை ஒட்டி ஒரு தடவை என்று அவர்கள் வீட்டுக்கு வர வேண்டும்.

இனி எழுபதாம் நாள். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், கூலிவேலை செய்யும் பெண்ணுக்குப் பன்னிரண்டு வாரம் விடுமுறை தருகிறது: பிரசவத்துக்கு முன் இரண்டு, பின் பத்து. மூன்றாவது பிள்ளையிலிருந்து அதைப் பாதியாக்கிய விதியை 2018இல்தான் நீக்கினார்கள். பத்து வாரம் என்றால் எழுபது நாள். மூளை 64 சதவீதம் பெருகும் தொண்ணூறு நாள் முடியவில்லை. குட்டிப் பருவமடைதல் உச்சத்தில் இருக்கிறது. தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்லும் 180 நாளில் பாதிகூடத் தாண்டவில்லை. அப்போது தாய் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகிறாள், பையன் தோட்டத்தின் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவுக்குப் போகிறான்.

ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு பால்கொடுக்கும் இடைவேளைகளை அதே சட்டம் தருகிறது. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையாமல், இல்லாவிட்டால் ஒரு மணிக்குக் குறையாமல். அரை மணி என்பது தட்டை நிலத்துக்குப் போதும். கொழுந்து மலை தொலைவில் இருந்தால் இறங்கி ஏறவே அது போய்விடும், பறிக்கவேண்டிய கிலோக் கணக்கும் குறையும். ஆகவே தாய் இடைவேளையை விட்டுவிடுகிறாள். மார்பில் பால் தேங்குகிறது. சில நாளில் சுரப்பே குறைகிறது. பிறகு "பால் வத்திப்போச்சு" என்கிறோம். வற்றவில்லை, எடுக்கப்படவில்லை.

பால் கொடுக்கும் பெண்களுக்குப் பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்து மலையில் பேர் போடுவதற்குக் காசு செலவில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் கங்காணியும் வெளிக்கள உத்தியோகத்தரும் ஒரு பெயர்ப்பட்டியலைப் பார்த்துச் செய்துவிடக்கூடிய வேலை. அந்த நடை நேரத்தை இடைவேளையில் சேர்க்காமல் விடவும் அவர்களால் முடியும். தாயும் வேலைக்குத் திரும்புவதற்கு ஒரு வாரம் முன்பே கையால் பீய்ச்சி எடுக்கப் பழகிக்கொள்ள வேண்டும். கொதிக்கவைத்துக் கழுவிய மூடியுள்ள பாத்திரத்தில் எடுத்த பால், வெளியே நான்கு மணி நேரம் கெடாது. பிள்ளைக் காம்பராவில் அதைப் போத்தலில் அல்ல, சிறு கிண்ணத்தில் அல்லது கரண்டியில் கொடுக்கச் சொல்ல வேண்டும். வேலையிலிருந்து வந்ததும் முதலில் பிள்ளைக்கு மார்பு, இரவில் கேட்கும்போதெல்லாம் மார்பு. பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம் சுரக்கிறது. பகலில் விட்ட கணக்கில் பெரும்பகுதியை இரவில் குடித்தே ஈடுகட்டிக்கொள்ளும் பிள்ளைகள் பல உண்டு.